மாவுக் கரை

நசீருதீனுக்குக் கை சும்மா இருக்காது. பிளாஸ்டிக் தாளை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டான். மறுபடி கை நீண்டபோது மனைவி குல்ஷன் தட்டிவிட்டாள்.

எழுபத்து மூன்றாம் வருடம், பங்குனி வெயில். நல்லம்பள்ளியில் அவன் வீட்டுக் கொல்லை. கார் பானெட்டுக்கான அச்சின் மேல் கண்ணாடி இழைத் துணி, அதன் மேல் தாள், ஓரம் முழுக்கக் காற்றுப் புகாமல் கோதுமை மாவுக் கரை. ஒரு குழாய் பிசின் வாளியிலிருந்து வந்தது. இன்னொன்று ஊறுகாய் ஜாடி வழியாகக் குப்புராஜின் ஹெரால்டு கார் என்ஜினுக்குள் போனது. என்ஜின் ஓடும்போது தாளுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். பிசின் துணியில் பரவும். மிஞ்சியது ஜாடியில் விழும்.

போன மாதம் கையால் பூசிய பானெட் தகரத்தைவிடக் கனம்.

"இத எருமை மேலதான் கட்டோணும் பாய்," என்று அப்போது சிரித்தான் குப்புராஜ். இண்டூர்க்காரன், ரேஸ் பைத்தியம். இதுவும் கெட்டால் வண்டியைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விடுவான். வேறு பிசினும் இல்லை.

குப்புராஜ் என்ஜினைக் கிளப்பினான். தேன் நிறத்தில் பிசின் ஊர்ந்தது. முன்விளக்கு வரும் மூலை மட்டும் வெள்ளையாகவே நின்றது. தாளுக்கடியில் வரிசையாகக் குமிழிகள்.

"காத்து பூருது பாய்!" என்று கத்தினான் குப்புராஜ்.

மாவு காய்ந்து வெடித்திருந்தது.

"எண்ணெ வுட்டுப் பெசையறேன்னேன். பொறுத்தீங்களா? தண்ணியே போதும்னு புடுங்கிட்டுப் போனீங்க," என்றாள் குல்ஷன்.

அவள் ஈரத்துணியால் வெடிப்பைத் துடைத்துப் புது மாவை வைத்தாள். நசீருதீன் இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அழுத்தினான். குமிழிகள் நின்றன. மூலை மெல்ல நனைந்தது.

"கைய எடுத்தா திரும்பப் பூரும்," என்றாள்.

பிசின் இறுகும்வரை அப்படியே. மூக்கில் ஈ உட்கார்ந்தது. முட்டி வலித்தது. கால் பெருவிரல் மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அந்த வெரலயும் கட்டிப் போடுங்க அக்கா," என்றான் குப்புராஜ்.

பிசின் இறுகும் சூட்டில் உள்ளங்கைக்கடியில் தாள் சுட்டது. பிறகு ஆறியது. நகத்தால் தட்டினான் நசீருதீன். டக்கென்றது.

தாளை உரித்தார்கள். குப்புராஜ் ஒற்றைக் கையில் பானெட்டைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான்.

"எருமை பறந்துருமே பாய்."

நசீருதீன் அங்கே இல்லை. திருப்புளியோடு வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தான். அடுத்த அச்சுக்காகக் கதவின் முதல் திருகாணி மண்ணில் விழுந்தது.

"யோவ், நான் வூட்டுக்கு எதுல போறது?"