தென்கரையில் குடியிருப்பு இல்லை

2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. வட்டார விவரக் கையேட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ‘நிலமும் மக்களும்’ என்ற நான்காம் அத்தியாயத்தில் கீழ்க்கண்ட வரிகள் சேர்க்கப்பட்டன: “தென்கரைத் தாழ்நிலம். ஆற்று மட்டத்தைவிடச் சிறிதே உயரம். கரிய களிமண், கோடையில் வெடிக்கும், மழையில் சேறாகும். சாலையோரம் பழைய கிடங்குகள். நிரந்தரக் குடியிருப்பு இல்லை.”

வரிகளில் பிழை எதுவும் இருக்கவில்லை. பிழை பார்ப்பதுதான் அவளுடைய வேலை. பதினைந்து வருஷமாகப் பிறர் எழுதியதில் ஒற்றையும் புள்ளியும் திருத்தித் திருத்தி, அலுவலகத்தில் அவளுக்குக் ‘கமா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

தாளின் கீழ்மூலை ஈரமாக இருந்தது. இயக்குநர் எந்தத் தாளையும் விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டுவார். அவர் பார்த்த கட்டு கீழே வரும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்னக் கறை உப்பியிருக்கும். கமா பென்சிலின் பின்முனையால் தாளைத் தள்ளித்தான் படிப்பாள். அன்று கடைசி வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது.

நிரந்தரக் குடியிருப்பு இல்லாத அந்த இடத்தில்தான் அவள் அக்கா பிறந்தாள், கல்யாணம் செய்தாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள், இன்றும் குடியிருக்கிறாள். கமாவும் அதே வீட்டில் பிறந்தவள்தான். அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

தெரியக்கூடாது என்பதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தென்கரை என்றாலே அங்கே எல்லோரும் மூக்கைப் பிடிப்பார்கள். தட்டச்சர் கைக்குட்டையில் சென்ட் தெளித்துக்கொண்டு, “தென்கரை ஃபைல் வருது, வழிவிடுங்க” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கமாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு தொண்டையில் எண்ணெய் ஒட்டினது மாதிரி வெகுநேரம் இருக்கும்.

சிரிப்புக்குக் காரணம் பசை ஆலை. தென்கரையின் மேற்குக் கோடியில் எலும்பை வேகவைத்துப் பசை காய்ச்சுகிறார்கள். எலும்பு லாரிகள் மூடுதுணி இல்லாமல் வரும். பின்பலகையிலிருந்து ஏதோ ஒழுகிக்கொண்டே போகும். ரோட்டின் நடுவே அது கறுப்பாகப் படிந்து, வெயிலில் பளபளத்து, செருப்பைப் பிடித்து இழுக்கும். ஈக்களை விரட்டுவதை அங்கே யாரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வீடுகள் ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தன. நாற்றம் தாங்காமல் முதலில் ஒருவர் முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, ஆற்றுப்பக்கம் வாசல் திறந்தார். பிறகு பக்கத்து வீடு. பிறகு வரிசை முழுவதும். ஆற்றோரத்து ஒற்றையடிப்பாதை தெருவாகிவிட்டது. குழாய், கடை, சண்டை எல்லாம் அங்கே குடிபோய்விட்டன. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே நீளச் சுவர், அதன்மேல் கிழிந்த சுவரொட்டிகள்.

ஆக, கிடங்கு என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதியிருந்தார்.

எழுதியவர் கள ஆய்வாளர். அவருக்கு ‘ஜன்னல்’ என்று பெயர். எந்த ஊரையும் காரைவிட்டு இறங்காமல் ஆய்வு செய்து முடிப்பவர். தென்கரையில் கண்ணாடியைக்கூட இறக்கியிருக்க மாட்டார். கமா அவர் மேஜைக்குப் போய், அந்தச் சுவருக்குப் பின்னால் ஆட்கள் இருக்கலாமே என்று பட்டும்படாமல் கேட்டாள். வாயில் ஊறிக்கொண்டிருந்த ஏலக்காயை அவர் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார்.

“அந்த நாத்தத்துல மனுஷன் இருப்பானா, கமா? இருந்தா அவன் மனுஷனா?”

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார். ஏலக்காய்த் தோல் ஒன்று பல்லிடுக்கில் பச்சையாகத் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அதே கேள்வியைத் தானும் எத்தனையோ முறை மனசுக்குள் கேட்டிருக்கிறோம் என்பது. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அக்கா வீட்டுக்குப் போவாள். அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். திரும்பி வந்ததும் உடுத்தியிருந்ததைத் தனி வாளியில் முக்கிவிட்டு, தலைக்கு இரண்டு முறை குளிப்பாள்.

போன வாரம்தான் அக்கா போன் செய்திருந்தாள். ஆலை ஆட்கள் வந்து சுவர் நெடுகச் சுண்ணாம்பில் கோடு போட்டார்களாம். கழிவுக் குட்டை தோண்டப் போகிறார்களாம். “வீடு இருக்கிற இடத்துல எப்படிடி தோண்டுவாங்க?” என்று அக்கா சிரித்தாள். எப்படி என்று கமாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கையேட்டில் குடியிருப்பு இல்லை என்று அச்சாகிவிட்டால் ஆலை யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுவரை இடித்துவிட்டுத் தோண்டலாம். உள்ளே இருப்பவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

வரியின் ஓரத்தில் ‘ஐயம்’ என்று எழுதி அவள் தாளை மேலே அனுப்பினாள். இயக்குநர் கூப்பிட்டார். அவர் அறையில் பசை ஆலையின் காலண்டர் மாட்டியிருந்தது. அது பல அறைகளிலும் மாட்டியிருந்தது. அவர் காரின் சாவியால் காதைக் குடைந்து, சாவியைப் பார்த்து, கால்சட்டையில் துடைத்தார். பிறகு அதே கையின் விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினார்.

“அங்க வீடு இருக்குன்னு யாரு சொன்னது?”

வாயைத் திறந்தால் ஒரே ஒரு வாக்கியம்தான். அவள் வேறொன்றைச் சொன்னாள்.

“கேள்விப்பட்டேன் சார்.”

ஐயம் என்று எழுத்தில் வந்துவிட்டால் மறுபடி போய்ப் பார்த்தாக வேண்டும், அதுதான் விதி, என்று இயக்குநர் சலித்துக்கொண்டார். திங்கட்கிழமை ஜன்னல் போவார். ஐயப்பட்டவள் என்பதால் அவளும் கூடப் போகவேண்டும். ஆனால் வீட்டுக்கு வீடு நுழைந்து பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. ரோட்டைப் பார்த்துக் கதவு இருந்தால் அது வீடு. கதவு இல்லையென்றால் சுவர். கையேடு ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

சனிக்கிழமை கமா தென்கரைக்குப் போனாள். அக்காவின் புருஷன், மாமாவும் வீட்டில் இருந்தார். குழாய் ரிப்பேர் செய்பவர்; வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர், அதைத் தானே சொல்லிச் சிரிப்பவர். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இயக்குநர் கேட்ட கேள்விக்கு வந்ததும் அக்கா குறுக்கிட்டாள்.

“நீ என்ன சொன்ன?”

“கேள்விப்பட்டேன்னு சொன்னேன்.”

அக்கா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். கோபம் வந்திருந்தால் கமாவால் தாங்கியிருக்க முடியும். வந்தது கோபமில்லை. பாத்திரத்தில் எதையோ பார்த்துவிட்டவள் மாதிரி அக்காவின் உதடு ஒருபக்கம் கோணியது. அந்தக் கோணலைக் கமா தன் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், தென்கரையிலிருந்து திரும்பிய ராத்திரிகளில்.

“கேள்விப்பட்டியா. சரிதான். நாளைக்கு நான் செத்தாலும் கேள்விப்படுவ.”

“விடு, விடு,” என்றார் மாமா. “அவங்களுக்கு ரோட்டைப் பார்த்த கதவு வேணும், அவ்வளவுதானே? அடைச்சவனுக்குத் திறக்கத் தெரியாதா?”

கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். பத்துப் பன்னிரண்டு குத்தில் முதல் செங்கல் வெளியே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக நாற்றம் உள்ளே வந்தது. மெல்ல வரவில்லை, வெளியே காத்திருந்தது மாதிரி மொத்தமாக வந்தது. உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்த சின்னவன் ஓங்கரித்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் ஓடினான். அக்கா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு செங்கல்லை அள்ளிக் கொட்டினாள். கமா நின்று பார்த்தாள். பிறகு அவளும் அள்ளினாள். வெறுங்கையில்தான். செங்கல்லின் வெளிப்பக்கம் பிசுபிசுத்தது.

விஷயம் தெருவில் பரவியது. கொஞ்சம் பேர் மாமாவைப் பைத்தியம் என்றார்கள். இத்தனை வருஷம் பின்னால் தள்ளிவைத்த பீடையை வெற்றிலை பாக்கு வைத்து உள்ளே அழைப்பதா என்று கடைக்காரர் கத்தினார். குட்டை வந்தால் வாசல் எந்தப் பக்கம் இருந்து என்ன பிரயோஜனம் என்று அவர் மனைவியே அவரை மடக்கினாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் சுவர் நெடுக ஓட்டைகள் விழுந்துவிட்டன. கதவு கிடைக்காதவர்கள் கட்டில் பலகையையும் தகரத்தையும் கீல் போட்டு மாட்டினார்கள். தையல்காரர் மட்டும் மறுத்துவிட்டார். தைக்கிற துணியில் அந்த வாடை ஏறினால் பிழைப்பு போய்விடும் என்றார். அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை கார் ரோட்டோரம் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன. ஜன்னல் இரண்டு ஏலக்காயைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு, முன்னால் நீண்டு கிடந்த கதவுகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்ன கண்றாவி இது? போன மாசம் இதெல்லாம் இல்லையே.”

சிமென்ட் காயவில்லை என்பது காருக்குள்ளிருந்தே தெரிந்தது. ஆனால் விதியில் சிமென்ட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் அலுத்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தார். பாதி எண்ணிவிட்டு, இதெல்லாம் ராவோடு ராவாக நட்டுவைத்த வெறும் கதவு, உள்ளே ஆளே இருக்காது, எண்ணத் தேவையில்லை என்று பேனாவை மூடினார். டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

அப்போது அக்கா புதுக்கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தாள். காரின் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள். கமா உட்கார்ந்திருந்த பக்கம்தான். கமா கண்ணாடியை இறக்கினாள்.

“மேடம்,” என்றாள் அக்கா. “சார்கிட்ட சொல்லுங்க. உள்ள ஆளு இருக்கு. வந்து பார்க்கச் சொல்லுங்க.”

மேடம் என்ற அந்த வார்த்தையில் எரிச்சலோ கேலியோ இல்லை. தெரியாதவளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். தங்கை மறைத்ததை அவளும் சேர்ந்து மறைத்துக் கொடுத்தாள். அதுதான் கமாவுக்குத் தாங்கவில்லை. ஒரு லாரி காரை உரசிக்கொண்டு போனது; பின்பலகையிலிருந்து தெறித்தது அக்காவின் பாதத்தில் விழுந்தது. அக்கா குனிந்து பார்க்கவில்லை.

கமா கதவைத் திறந்து இறங்கினாள்.

“அக்கா, நீ உள்ள போ. நான் சொல்லிக்கிறேன்.”

ஜன்னல் எட்டிப்பார்த்து, தெரிந்தவர்களா என்று கேட்டார்.

“என் கூடப் பொறந்தவ. நானும் இந்த வீட்டுலதான் பொறந்தேன் சார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் யார் யார் இருக்காங்கன்னு பேரோட சொல்றேன். எழுதிக்குங்க.”

அவர் எழுதிக்கொண்டார். நேரில் சாட்சி சொன்ன அலுவலக ஊழியரின் பேச்சை எழுதாமல் விட்டால் தன் தலைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அவள் ரோட்டில் நின்றபடி சொல்லிக்கொண்டே போனாள். தையல்காரரின் சுவர் வந்தபோதும் அவரையும் அவர் மனைவியையும் சொன்னாள். அங்கே கதவு இல்லையே என்றார் ஜன்னல்; அதை மட்டும் அவர் எழுதவில்லை.

அவள் காரில் திரும்ப ஏறினாள். அவர் மெல்ல நகர்ந்து சீட்டின் மறுகோடிக்குப் போனார். கார் பாலம் ஏறி, தென்கரையைத் தாண்டி, காற்று சுத்தமான பிறகு, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு முகத்தை வெளியே வைத்துக்கொண்டார். அவர் கண்ணாடி இறக்கி யாரும் பார்த்ததில்லை. டிரைவர் நடுக்கண்ணாடியில் கமாவைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பினார்.

மறுநாள் இயக்குநர் அவளை உட்காரச் சொல்லவில்லை. சொந்த வீட்டு விவகாரம் இருக்கும் அத்தியாயத்தை அவள் தொடக்கூடாது என்றார். கை கொடுத்து வழியனுப்புகிற வழக்கத்தை விட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் கைகளைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அதில் நிம்மதிதான். அந்தக் கையைத் தொட வேண்டியிருக்கவில்லை.

கையேடு ஜூன் மாதம் வெளிவந்தது. தென்கரைத் தாழ்நிலத்தில் நாற்பத்து மூன்று வீடுகள், நூற்றுத் தொண்ணூறு பேர் என்று இருந்தது. தையல்காரர் வீடு கிடங்கு என்றே அச்சானது. ஆலை, குட்டைக்கு ஆற்றின் வளைவைத் தாண்டி வேறு இடம் கேட்டு மனுப் போட்டது. கமாவை மூன்றாம் மாடியில் பழைய பதிப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அடுத்த பதிப்பு ஐந்து வருஷம் கழித்துத்தான் வரும். அதுவரை ரோட்டுப்பக்கக் கதவுகளை அடைக்க வேண்டாம் என்று தெருவில் முடிவு செய்தார்கள்.