எந்தக் குதிரை மேலயும்

என் கணவர் ஜெகதீஷ் சொன்ன சொல் தவறமாட்டார். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. சொன்னதை எழுத்தெழுத்தாகக் காப்பாற்றிவிட்டு, அந்த எழுத்துக்கு நடுவில் இருக்கிற சந்தில் புகுந்து போய்விடுகிற மனிதர் அவர். பதினோரு வருடமாக அந்தச் சந்துகளை அடைப்பதே எனக்கு வேலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார் வாங்க வைத்திருந்த பணம் முழுவதையும் குதிரைப் பந்தயத்தில் விட்டார். அப்போது அவரை மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், எங்கள் மகள் தேஜஸ்வினியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். "இனிமே எந்தக் குதிரை மேலயும் காசு கட்ட மாட்டேன்." வாக்கியத்தை எடுத்துக்கொடுத்தது நான்தான். அவர் திருப்பிச் சொன்னார், கண் கலங்கினார், கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். ஒரு வக்கீலை வைத்து எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

போன சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து ஹோம்புஷில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தேன். கோயம்புத்தூரில் நான் பல் டாக்டர். இங்கே வெளிநாட்டில், ஸ்டிராத்ஃபீல்டில் ஒரு கிளினிக்கில், டாக்டர் பல் பிடுங்கும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற உதவியாளர். இங்கே டாக்டராக வேண்டுமானால் கையால் செய்து காட்டுகிற ஒரு பரீட்சை பாக்கி. அதற்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் நின்று சேர்த்த ஐயாயிரம் டாலர் எங்கள் இருவர் பேரிலும் உள்ள கணக்கில் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேஜஸ்வினி தமிழ்ப் பள்ளிக்குப் போயிருந்தாள். ஜெகதீஷ் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பையும் போனையும் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பில் ராண்ட்விக் குதிரைப் பந்தய மைதானம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. குதிரைகளை ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டு போனார்கள்.

"என்னங்க இது?"

"பதறாத கல்யாணி. நான் கட்டல."

"பின்ன?"

"எதிரா கட்டியிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று முகத்தில் தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆபீஸில் புது சாஃப்ட்வேரை விளக்குகிற குரலில் ஆரம்பித்தார். மற்ற இடங்களில் பந்தயக் கம்பெனியிடம் நாம் பணம் கட்டுகிறோம். இது எக்ஸ்சேஞ்ச். இதில் ஆட்கள் ஆட்களோடேயே கட்டிக்கொள்கிறார்கள், கம்பெனி நடுவில் உட்கார்ந்து ஜெயித்தவரிடம் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒருவர் இந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கட்டினால் அது பேக். ஜெயிக்காது என்று அந்தப் பந்தயத்தை எதிர்ப்பக்கம் நின்று ஏற்றுக்கொண்டால் அது லே.

"நான் லே மட்டும்தான் பண்றேன். குதிரை மேல ஒரு காசு கட்டல. யோசிச்சுப் பாரு, இங்க நான் பந்தயம் கட்டுறவன் இல்ல. பந்தயம் வாங்குறவன். நாமதான் கம்பெனி."

"சத்தியம் பண்ணீங்க."

"அதைத்தான சொல்றேன். சத்தியத்த மீறல. மேல கட்ட மாட்டேன்னுதான் சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நேர்மை இருந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. பொய் சொல்கிறவரைத் திட்டலாம். இவர் பொய்யே சொல்வதில்லை.

"மத்த கம்பெனில ஜெயிக்கிறவன் கணக்க முடக்கிடுவான்," என்றார். "இங்க அந்தப் பிரச்சன இல்ல."

அந்தப் பிரச்சினை இவருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. இவருக்காக அவர்கள் கம்பளம் விரித்துக் காத்திருப்பார்கள்.

"பதினாலு குதிரை ஓடுது. பதிமூணு தோக்கும். தோக்குற குதிரையச் சொல்றதுக்குப் பெரிய ஜோசியமா வேணும்? ஆறு வாரமா ஜெயிச்சிட்டுதான் இருக்கேன். புது மிக்ஸி எதுல வந்துதுன்னு நெனச்ச?"

அந்த மிக்ஸியில் அன்று காலைதான் சட்னி அரைத்திருந்தேன். சத்தமே இல்லாமல் அரைக்கிறது என்று அவரிடம் புகழ்ந்தும் இருந்தேன்.

"எந்தப் பணத்த வெச்சு எதிரா கட்டுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் போனைப் பார்த்தார். எக்ஸ்சேஞ்சில் ஒரு விவகாரம் இருக்கிறது. குதிரை தோற்றால் எதிராளி கட்டிய பணம் நமக்கு. ஜெயித்துவிட்டால் அதற்கு என்ன விலையோ அந்த விலைக்கு நாம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையைக் கம்பெனி முன்கூட்டியே நம் கணக்கிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளும். இவர் குவைட் அங்கிள் என்ற குதிரைக்கு எதிராக, பன்னிரண்டு என்ற விலையில், நானூறு டாலர் பந்தயத்தை ஏற்றிருந்தார். தோற்றால் நானூறு வரும். ஜெயித்தால், எதிராளி போட்டது போகப் பதினோரு மடங்கு, நாலாயிரத்து நானூறு போகும்.

"நாலாயிரத்து நானூறு யாரோடது?"

"திங்கக்கெழமைக்குள்ள திருப்பி வெச்சிருப்பேன். உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். எத்தனை பேருடைய வாயில் குழாயைப் பிடித்துச் சேர்த்த பணம். இந்த இடத்தை விட்டால் அடுத்த இடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முப்பத்தெட்டு வயது. மழையில் நனைகிற ஒரு குதிரையிடம் என் வாழ்க்கையை ஒப்படைத்துவிட்டு இந்த மனிதர் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

அப்போதுதான் அவர் குரல் மாறியது. "ஒரு சின்ன சிக்கல்," என்றார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் பந்தயம் ஏற்றபோது தரை காய்ந்திருந்தது. விடியற்காலையிலிருந்து கொட்டிய மழையில் சேறாகிவிட்டது. குவைட் அங்கிளுக்குச் சேறு என்றால் உயிராம். ஊரே அதன் மேல் பணம் கட்ட, பன்னிரண்டாக இருந்த விலை ஐந்துக்கு இறங்கிவிட்டது. அது ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள் என்று அர்த்தம்.

"இதுக்கும் வழி இருக்கு. அதுதான் எக்ஸ்சேஞ்சோட அழகே. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெளிய வந்துரலாம். இப்ப இருக்கற விலைக்கு அதே குதிரைய தொள்ளாயிரத்து அறுபதுக்கு பேக் பண்ணிட்டா, எது ஜெயிச்சாலும் ஐந்நூத்தி அறுபதுதான் நஷ்டம். மீதி பத்திரம்."

"பண்ணித் தொலைங்க."

அவர் பண்ணவில்லை. என்னையே பார்த்தார்.

"பேக் பண்றதுன்னா," என்று இழுத்தார், "குதிரை மேல கட்டணும்."

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டபோது சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு இல்லை.

"பாப்பா தலைல கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் கல்யாணி. என்னால முடியாது. நீ பண்ணல. நீ அமுக்கு. இந்த நீலக் கட்டம்தான். ஒரே ஒரு தடவ."

போனை என் பக்கம் தள்ளினார். லேப்டாப்பில் குதிரைகளை ஓட்டம் தொடங்குகிற கூண்டுக்குள் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். பந்தயம் தொடங்கிவிட்டால் ஆன்லைனில் எதுவும் செய்ய முடியாது. நாலு நிமிடம் இருந்தது.

"என் காசத் தூக்கிட்டுப் போய் வெச்சப்ப சத்தியம் குறுக்க வரல. காப்பாத்தும்போது மட்டும் வருதா? நீங்க வெச்சது, நீங்களே எடுங்க. நீங்களே அமுக்குங்க."

"பாப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

அந்தப் பயம் நடிப்பில்லை. நான் போனைத் திருப்பி அவரிடம் தள்ளினேன். பரீட்சை போனாலும் போகட்டும், இந்தத் தடவை இவரே சுமக்கட்டும் என்ற வீம்பு. அவர் என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், கண்ணை மூடி முருகா என்றார். விரலை நீலக் கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

நான் போனைப் பிடுங்கிவிட்டேன்.

ஐந்து வருடம் பல் மருத்துவம் படித்தவள் நான். எதனால் காய்ச்சல் வரும், எதனால் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மகளின் தலைமேல் வைத்த கை என் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தச் சத்தியத்தைச் செய்யச் சொன்னவளும் நான்தான். இந்த ஆளை எதைச் சொல்லித் திட்டுகிறேனோ அதே முட்டாள்தனம் எனக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நீலக் கட்டத்தை அமுக்கினேன். தொள்ளாயிரத்து அறுபது என்று போட்டேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன்.

பந்தயம் ஒன்றரை நிமிடம் ஓடியது. எது ஜெயித்தாலும் எங்களுக்கு ஒரே நஷ்டம்தான். ஆனாலும் ஜெகதீஷ் எழுந்து நின்று பார்த்தார். குவைட் அங்கிள் சேற்றில் ஆறாவதாக வந்தது.

அவர் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, வருத்தமாக, "நீ கை வைக்காம இருந்திருந்தா நானூறு வந்திருக்கும்," என்றார்.

முதல் வேலையாக மிச்சப் பணத்தை என் சொந்தக் கணக்குக்கு அனுப்ப வைத்தேன். குறைந்த ஐந்நூற்று அறுபதை வீட்டுச் செலவில் பிடித்துக்கொள்ளலாம், பரீட்சை போகாது. பிறகு அவர் லேப்டாப்பில் அரசாங்கத்து இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தேன். அதில் பேரைப் பதிந்துவிட்டால் நாட்டில் உரிமம் உள்ள எந்த ஆன்லைன் பந்தயக் கம்பெனியும் நமக்குக் கணக்குத் திறக்கக் கூடாது, இருக்கிற கணக்கையும் மூட வேண்டும். கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் மோனிகா தன் அண்ணனை இதில் பதிய வைத்ததைச் சொல்லியிருந்தாள்.

"சத்தியமே பண்ணிடறேனே," என்றார் ஜெகதீஷ். "மேலயும் கட்ட மாட்டேன், எதிராவும் கட்ட மாட்டேன். பாப்பா வந்ததும்..."

"அவ தலைல இனிமே கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற. பேரப் போடுங்க."

போட்டார். எக்ஸ்சேஞ்சும் இதில் வருமா, அது ஒரு மாதிரி சந்தைதானே என்றார். வரும் என்றேன். எவ்வளவு காலத்துக்கு என்ற இடத்தில், மூன்று மாதம் போதுமே என்று பேரம் பேசினார். வாழ்நாள் முழுவதும் என்பதைக் காட்டினேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு அதை அமுக்கினார். போனுக்கு வந்த சரிபார்ப்பு எண்ணையும் போட்டார். முடிந்தது என்று திரையில் வந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. டீ போடலாம் என்று எழுந்தேன்.

"கல்யாணி," என்றார். திரும்பிப் பார்த்தேன். மழை விட்டதா என்று கேட்பது போன்ற சாதாரண முகம். "உன் பேரு இதுல இல்லல்ல?"

நான் அடுப்பங்கரைக்குப் போகவில்லை. திரும்பி வந்து லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். முதல் பக்கத்துக்குப் போய் என் பேரைப் போட்டேன், பிறந்த தேதியைப் போட்டேன், வாழ்நாள் முழுவதும் என்பதை அமுக்கினேன்.

"ஏய், உனக்கு எதுக்கு? நீ ஜென்மத்துல பந்தயம் கட்டினதில்லையே."

"இன்னைக்குக் கட்டினேன்," என்றேன்.