கேட்டைத் தாண்டிய வேன்

எங்கள் அலுவலகத்தில் யாரும் பொய் எழுத மாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையைத்தான் எழுதுவோம், எழுதிவிட்டு யாரையும் உறுத்தாத அளவுக்கு அதைத் தேய்த்து விடுவோம். அதற்கென்றே எனக்கு ஒரு மேலதிகாரி வாய்த்திருக்கிறார். வாக்கியத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இஸ்திரி.

நான் முதுநிலை மதிப்பீட்டாளர். அரசாங்கத் துறைகள் செய்வதாகச் சொல்லும் வேலையை நிஜமாகவே செய்கின்றனவா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. இந்த முறை என் தலையில் விழுந்தது நோயாளி வேன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரியில் விட்டு, திரும்பவும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் இலவச வேன்.

என் அண்ணனும் அதில்தான் போகிறான். அண்ணி போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவன், வாரத்தில் மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு வேனுக்காகத் தேவுடு காப்பான். வேன் தாமதமானால் மெஷினில் அவன் நேரம் வெட்டுப்படும். அடுத்த நோயாளி காத்திருக்கும்போது நர்ஸ் என்ன செய்வாள், பாவம். நேரம் குறைந்தால் உடம்பிலிருந்து போக வேண்டிய நீர் போகாது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். டாக்ஸியில் போடா என்றால் குலுங்குகிறது, பெட்ரோல் நாற்றம் என்று ஏதாவது சாக்கு சொல்வான். தங்கை சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்ற வீம்பு, வேறொன்றும் இல்லை.

வேலை வந்த அன்றைக்கே இஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.

"சார், என் அண்ணன் அந்த வேன்லதான் போறாரு. நான் இதைப் பாக்கறது சரியா இருக்குமா?"

"அட, யாருக்குத்தான் சொந்தக்காரங்க இல்ல? வேன் விடறவர் இல்லையே, வேன்ல போறவர்தானே. எழுதிக் குடுத்துடுங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

எழுதிக் கொடுத்தேன், போட்டார்.

துறையின் கணக்குப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வேன்கள் சரியான நேரத்துக்கு ஓடுகின்றன. இதை அண்ணனிடம் சொன்னபோது, "அப்ப மிச்சம் நாலும் நம்ம வீட்டுக்குன்னே ஒதுக்கியிருக்காங்களா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது. மறுநாள் நேராக வேன் ஷெட்டுக்குப் போனேன். வேனில் ஏறிய ஒரு டிரைவரிடம் இந்த நேரத்தை எப்படிக் கணக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டைத் தாண்டினதும் இந்தப் பொத்தானை அமுக்கணும் மேடம். அமுக்கினா சரியான நேரம்னு ஏறிடும்."

"சரி, நோயாளி வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் எதை அமுக்கணும்?"

"அதுக்குப் பொத்தானே இல்லையே மேடம்."

அடப்பாவிகளா! இதைத்தான் இத்தனை வருஷமாக வண்ண வண்ணப் படமாகப் போட்டு அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு நான் விடவில்லை. வேன்களில் ஏறிக் கூடவே போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, எந்த வேன் எப்போது வருகிறது, யாருக்கு எவ்வளவு நேரம் வெட்டுப்படுகிறது என்று பார்த்தேன். என் அண்ணன் போகும் வேனை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பார்த்ததையெல்லாம் ஒரு வரியில் எழுதினேன்: வேன்கள் ஷெட்டை விட்டு நேரத்துக்குக் கிளம்புகின்றன, நோயாளிகளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அதன் கீழே மூன்று பரிந்துரைகளையும் சேர்த்தேன்.

இஸ்திரி பேனாவைத் திறந்தார்.

"இந்தச் 'சேர்ப்பதில்லை' கொஞ்சம் கடுமையா இருக்கேம்மா. 'சேர்ப்பதில் மேலும் கவனம் செலுத்த வாய்ப்புள்ளது'ன்னு போடலாமே."

"வாய்ப்புன்னா என்ன சார், லாட்டரியா? ஆளு மூச்சு விட முடியாம கிடக்கறாங்க."

"கோவப்படாதீங்க. துறையும் இதைப் படிக்கணும் இல்ல?"

"படிக்கணும்னுதானே சார் எழுதியிருக்கேன்!"

மல்லுக்கட்டி அந்த ஒரு வரியைக் காப்பாற்றினேன். விட்டுக்கொடுத்திருக்கலாம்தான், ஆனால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேன் விடும் கம்பெனியின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் அறிக்கை வெளியே வந்தால், புது ஒப்பந்தத்தில் நேரக் கணக்கை வீட்டு வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் எடுக்கச் சொல்லலாம். வராவிட்டால் இதே கூத்து இன்னும் ஐந்து வருஷம். அண்ணனுக்கு ஐந்து வருஷம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வரைவைத் துறைக்கு அனுப்பினோம். பதில் வந்ததும் இஸ்திரி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே எனக்குப் பகீர் என்றிருக்கும்.

"நீங்க எழுதினது தப்புன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லல. எழுதினவங்களோட அண்ணனே வேன்ல போறாரு, அதனால அறிக்கை நடுநிலையா இல்லைன்னு மட்டும் சொல்றாங்க."

"நீங்கதானே சார் பரவாயில்லன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். அப்ப யாரும் கேக்கல, இப்ப கேக்கறாங்க. வேற ஒருத்தர்கிட்ட குடுத்து முதல்லேருந்து பாக்கச் சொல்லிடலாம்."

"முதல்லேருந்தா? மாசக் கடைசிக்குள்ள எப்படி சார் முடியும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் நான் பாத்திரங்களைப் போட்ட போடு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அண்ணன் மெல்ல எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றான். கொட்டித் தீர்த்தேன். இஸ்திரியை, துறையை, பொத்தானை, எல்லோரையும் திட்டினேன்.

"ஆக மொத்தம், நான் வேன்ல போறதுதான் பிரச்சினை" என்றான்.

"உன்னை யாரு சொன்னா? அவங்களுக்கு ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான்."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வேன்ல என் பேரை எடுத்துட்டேன்" என்றான்.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கத்தாதே. உன் ரிப்போர்ட் வெளிய வந்ததும் திரும்பச் சேந்துக்கறேன். கொஞ்ச நாள் பஸ்ல போனா செத்தா போயிடுவேன்?"

அப்படிச் சொல்லாதே என்று அதட்டினேன். போய்த் திரும்பப் பெயரைக் கொடு என்று சொன்னேனா? சொல்லவில்லை. அறிக்கை வெளியே வர வேண்டும் என்ற வெறி எனக்கும் இருந்தது.

இஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் பளிச்சென்று ஆனது. "ரொம்ப நல்லதாப் போச்சும்மா!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதாவது, ஆபீஸுக்கு" என்றார்.

அதன் பிறகு துறையால் வாயைத் திறக்க முடியவில்லை. மாதம் முடிவதற்குள் அறிக்கை வெளியே வந்துவிட்டது. என் வரி ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணன் இரண்டு பஸ் மாறிப் போனான். திரும்பி வரும்போது முகம் வெளுத்து, வாசல்படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துறையின் பதிலோடு இஸ்திரி என் மேஜைக்கே வந்தார், வாயெல்லாம் பல்.

"வாழ்த்துக்கள்மா! உங்க பரிந்துரையில ஒண்ணை உடனே நிறைவேத்திட்டாங்க. நம்ம ஆபீஸ்ல இப்படி நடந்ததே இல்ல."

"ஒப்பந்தமா சார்?"

"ஒப்பந்தம் பரிசீலனையில இருக்கு. பொத்தானும் பரிசீலனையில. இது மூணாவது."

மூன்றாவதை நானேதான் எழுதினேன். ஒவ்வொரு வேனிலும் ஆட்களை அடைத்து ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்த ஆத்திரத்தில் எழுதியது. இப்போது இருப்பவர்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை, புதிதாக யாரையும் வேனில் சேர்க்கக் கூடாது. நியாயமான பரிந்துரைதான். செலவில்லாததும் அது ஒன்றுதான். இஸ்திரி எதையோ பேசிக்கொண்டிருக்க, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அண்ணன் போனில் இருந்தான். ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, வா என்று கையாட்டினான்.

"வேன் ஆபீஸ்தான். பேரைச் சேக்கச் சொல்லலாம்னு."

"அண்ணா, போனை வை. நான் ஒண்ணு சொல்லணும்."

அதற்குள் பாட்டு நின்று ஒரு பெண்ணின் குரல் வந்தது. "காத்திருந்ததுக்கு நன்றி சார். இப்போதைக்குப் புதுசா யாரையும் சேக்கறதில்ல."

"நான் புது ஆளு இல்லம்மா. போன வாரம் வரைக்கும் வந்துக்கிட்டிருந்தவன்தான்."

"பேரை எடுத்துட்டா புதுசுதான் சார். எங்க கையில ஒண்ணும் இல்ல. மேலருந்து யாரோ அதிகாரி அப்படி எழுதிட்டாங்களாம்."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். டிரில் மாஸ்டர் அல்லவா, நான் நின்ற நிலையிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை பொங்கி வந்தது. சத்தம் வராமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"யாரோ இல்லம்மா, எழுதினது என் தங்கச்சி" என்றான் அவன் போனில். "அவ சரியாத்தான் எழுதியிருப்பா."

போனை வைத்தான். பிறகு, "நாளைக்கு என்னைச் சீக்கிரம் எழுப்பி விடு. முதல் பஸ்ல கூட்டம் இருக்காது, உக்கார இடம் கிடைக்கும்" என்றான்.