ஒன்பது சன்னல் வீடு

நாகமலை புதுக்கோட்டையில் அசோக்குமார் வீட்டுச் சுவரில் முதல் சன்னல் முளைத்தது ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மாலை ஐந்தேகால் மணிக்கு. கம்பி கிடையாது, கதவும் கிடையாது. ஒரு முழ அகலம், ஒன்றரை முழ உயரம். தெருவில் நின்று பார்த்தால் சுவர் பழையபடி சுவராகத்தான் இருந்தது; உள்ளே இருந்தால் மட்டும் சன்னல். அதன் வழியாகக் காற்று வரவில்லை. வெளுத்த வெளிச்சம் தெரிந்தது, அந்த வெளிச்சத்துக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அசோக்குமாரின் மனைவி பாண்டீஸ்வரி காலண்டரை மாட்டி மறைத்துப் பார்த்தாள். மறுநாள் காலண்டரைக் காணோம். கொத்தனார் வீரணன் வந்து செங்கல் வைத்துப் பூசினார். பூச்சு காயும் முன்பே செங்கல் அந்தப் பக்கம் சாய்ந்தது, விழுந்த சத்தம்கூட வரவில்லை. "செவுத்துக்குன்னா வேலை பாக்கலாம் தாயி, இதுக்கு நான் என்னத்தச் செய்ய?" என்று கரண்டியைக் கழுவிக்கொண்டு அவர் காளவாசலில் ஒப்புக்கொண்டிருந்த வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரே மாதத்தில் அதே தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் சன்னல் வந்தது. சிமெண்டில் கலப்படம் என்றார்கள், தண்ணீரில் உப்பு என்றார்கள். ஆளுக்கொரு காரணத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கப் பார்த்தார்கள். ஆனால் பெண்கள் சேலை மாற்றக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது; புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் காதோடு காதாக நடந்தது. சொந்த வீட்டிலேயே விருந்தாளிக்கு முன் உட்கார்ந்திருப்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற வீடுகளில் ஒன்றிரண்டாக இருந்த சன்னல், அசோக்குமார் வீட்டில் மட்டும் ஆறாகிவிட்டது.

அந்த ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு, எல்லாம் தன் பிள்ளைகள் என்பது வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பாக்கியமேரி டீச்சருக்கு உறைத்தது. இருபத்தாறு வருடமாக இரண்டாம் வகுப்பை விட்டு நகராத டீச்சர் அவர். அவருடைய வகுப்புக்குள் யார் நுழைந்தாலும் சரி, பிள்ளைகள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, கேட்பதற்கு முன்பே தன் பெயர், அப்பா பெயர், தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். பார்க்க வந்த அதிகாரிகள் எல்லாம் மெச்சிவிட்டுப் போயிருக்கிறார்கள். டீச்சருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மாலை அவர் அசோக்குமார் வீட்டுக்குப் போனபோது, மகள் அஸ்வினி அம்மாவின் போனில் வீடு கட்டும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டம் கட்டமாகச் சுவர் எழுப்ப வேண்டும்; கூட விளையாடுகிறவர்கள் பேசவும் செய்யலாம். தொப்பி போட்ட பொம்மை ஒன்று அவள் கட்டிய சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஆண் குரலில், "மாமாவுக்கு மறந்துபோச்சு. நீ யாரு வீட்டுப் பாப்பா?" என்று கேட்டது. இந்த ஊரில் பால்காரரும் மாமா, பஸ் கண்டக்டரும் மாமா. அஸ்வினி சட்டென்று எழுந்தாள். போனைத் தரையில் வைத்தாள், அதற்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பெயரிலிருந்து தெரு வரைக்கும் அதே ராகத்தில் ஒப்பித்தாள். சமையலறைப் பக்கம் காரை உதிர்ந்து ஏழாவது சன்னல் திறந்தது.  அந்த ராகம் டீச்சர் போட்டது.

மறுநாள் கணக்குப் பாடத்தை நிறுத்தி வைத்துவிட்டு இதைத்தான் நடத்தினார். போனில் பேர் சொல்லக் கூடாது, தெரு சொல்லக் கூடாது, யூனிபார்மோடு போட்டோ அனுப்பக் கூடாது. "யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?" என்று முடித்தார். முப்பத்தொரு பிள்ளைகளும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்கள். அந்த வாரமே மற்ற வீடுகளில் புதுச் சன்னல் முளைப்பது நின்றது. தலைமை ஆசிரியர் மரியராஜ் காலைக் கூட்டத்தில் டீச்சரைப் பாராட்டிக் கைதட்ட வைத்தார். அசோக்குமார் வீட்டிலும் சன்னல் ஒன்பதோடு நின்றது. ஆனால் வாசல் குறுக ஆரம்பித்தது.

திங்கட்கிழமை அசோக்குமார் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். புதன்கிழமை குனிந்து போனார், அடுத்த திங்களுக்குத் தவழ்ந்தார். ஒருநாள் அவர் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வாசல் பூனை நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெண்டாட்டியும் பிள்ளையும் உள்ளே, அவர் வெளியே. கடப்பாரை போட்டு இடித்த இடமெல்லாம் கையை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது. டிபன் கேரியரைக் கழற்றிக் கிண்ணம் கிண்ணமாக உள்ளே தள்ளினார். உள்ளே அஸ்வினி வாயைத் திறப்பதே இல்லை. அம்மா கெஞ்சினாலும் சரி, அதட்டினாலும் சரி, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். ஒன்பது சன்னலில் எதற்கும் முகம் காட்டாமல் இருக்க, வீட்டில் ஓர் இடமும் இல்லை.

சேதி கேட்டு ஓடிவந்த பாக்கியமேரி டீச்சர், கஞ்சி போட்ட காட்டன் சேலையோடு தெருவில் குப்புறப் படுத்து அந்தப் பொந்தில் காதை வைத்தார். உள்ளே சன்னல் பக்கமிருந்து தொப்பிப் பொம்மையின் அந்தக் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

தான் சொன்ன வாக்கியம். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. கடைசியில் போடும் அந்த 'என்ன'கூட அப்படியே இருந்தது.  பிள்ளையின் வாயைப் பூட்டத் தானே சாவி செய்து கொடுத்திருப்பது டீச்சருக்கு விளங்கியது. இருபத்தாறு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் அவர் சொல்லாத ஒன்றை, மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அஸ்வினி, டீச்சர் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்டா."

உள்ளேயிருந்து சின்னக் குரல் வந்தது. "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு? மாமாவும் அதேதான் சொன்னாரு."

"கேட்டவன்கிட்டத்தான் சொல்லக் கூடாது. கேட்டான்னு எங்ககிட்டச் சொல்லணும். அதை நான் சொல்லாம விட்டுட்டேன்."

"அம்மா வையும். போனை ஒடச்சுப்புடுவேன்னு சொல்லியிருக்கு."

பாண்டீஸ்வரி அப்படிச் சொன்னது உண்மைதான். அவள் மகளைக் கட்டிக்கொண்டு, "வைய மாட்டேன் தங்கம், ஆத்தா மேல சத்தியமா வைய மாட்டேன்" என்று அழுதாள். அப்புறம் அஸ்வினி சொல்ல ஆரம்பித்தாள். அந்த மாமா பேர் கேட்டது, தெரு கேட்டது. யூனிபார்மோடு ஒரு போட்டோ கேட்டது, இவள் அனுப்பியது. இன்னொன்று அனுப்பாவிட்டால் அம்மாவிடம் போட்டுக் கொடுப்பேன், பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிடுவேன் என்று மிரட்டியது. ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, ஒவ்வொன்றுக்கும் வாசல் ஓர் அங்குலம் அகன்றது. போட்டோ விஷயம் வந்தபோது ஒரே மூச்சில் ஒரு முழம் திறந்தது. டீச்சர் தோளை நுழைத்து உள்ளே போய்ப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அவன் பிடிபட்டானா என்பது இன்றுவரை தெரியாது. சன்னல்கள் மூடவில்லை, மூடும் என்று யாரும் சொல்லவும் இல்லை. பாண்டீஸ்வரி ஒன்பதுக்கும் ஒரே துணியில் திரை தைத்துப் போட்டிருக்கிறாள். வாசல் மட்டும் பழைய அளவோடு நிற்காமல் அகன்றுகொண்டே போய், இப்போது மாட்டுவண்டி திரும்பும் அளவுக்கு இருக்கிறது. அசோக்குமார் புதுக் கதவுக்கு அளவெடுத்துப் பார்த்துவிட்டு அந்த யோசனையை விட்டுவிட்டார்.

பாக்கியமேரி டீச்சர் இப்போது பாடம் தொடங்கும் முன் அரைமணி நேரம் பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்கிறார். நாய் குட்டி போட்டது, தோசை தீய்ந்தது, சித்தப்பாவுக்குப் பல் விழுந்தது என்று வரும் அம்புட்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு விஷயம் எதற்கு நடுவில் வரும் என்று அவருக்குத் தெரியாது. மூன்று வருடம் இப்படியே போயிற்று. போன செப்டம்பரில் எஸ்தர் என்ற பிள்ளை, ஆட்டுக்குட்டிக்குப் பேர் வைத்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள், "பொறவு நேத்து எங்க வீட்டுல ஒரு சன்னல் வந்துச்சு டீச்சர்" என்றாள்.

டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்தார். "வாசல் எப்படிடா இருக்கு?"

"பெருசாத்தான் இருக்கு" என்றாள் எஸ்தர்.