நாலு ஃபிரேம், ஐந்து ஃபிரேம்

புதன்கிழமை காலை, ஆறு வருஷமாகத் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்த ஒரு டெஸ்ட் ஜெயித்துவிட்டது. உடனே திரை முழுக்கச் சிவப்பு. எங்கள் தொழில் அப்படி. "இது தோற்கும், கண்டுகொள்ளாதே" என்று குறி போட்டு வைத்த டெஸ்ட் திடீரென்று ஜெயித்தால், கம்ப்யூட்டர் அதையும் ஒரு குற்றமாக எடுத்துக்கொண்டு கத்தும். யாராவது வந்து குறியை எடுத்தால்தான் அடங்கும்.

நாங்கள் செய்வது டீபக்கர். ஓடுகிற புரோகிராமை நடுவில் பிடித்து நிறுத்தி, "உன்னைக் கூப்பிட்டது யார், அதைக் கூப்பிட்டது யார்" என்று ஒவ்வொரு ஃபங்ஷனாக விசாரித்துக்கொண்டு அடிவரை போகும் கருவி. அந்த அடுக்கில் ஒவ்வொரு படிக்கும் ஃபிரேம் என்று பெயர். ஆள் உட்கார்ந்து கேட்காமல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்தும் கேட்கலாம். அந்த ஸ்கிரிப்டுக்கு ஒழுங்கான பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பத்தொன்பது வருஷமாக என் பிழைப்பு. அமெரிக்காவில், ராச்செஸ்டரில், இந்த மாடியில் ஒருகாலத்தில் ஏழு பேர் இருந்தோம். இப்போது மேர்ல் டாலஃப்சனும் நானும்தான் மிச்சம்.

ஒரேயொரு வகைக் கம்ப்யூட்டர் சிப்பில் மட்டும் மூன்றாவது படியில் தப்பான பெயர் வந்துகொண்டிருந்தது. ஆறு வருஷமாக அந்த டெஸ்ட் தோற்றது அதனால்தான். அதைச் சரிசெய்யும் வேலை மேர்லுடையது. எங்கள் மேலாளர் கெயில் அவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: வெள்ளிக்கிழமைக்குள் அந்த டெஸ்ட் ஜெயித்தால் இன்னொரு வருஷம் வேலை, இல்லையென்றால் வெள்ளியோடு சரி. மேர்லுக்கு அறுபத்திரண்டு வயது. அறுபத்தைந்தில் வரும் அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடைக்க இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. மனைவி ஆர்லீனின் மூட்டுவாத ஊசி முழுக்க இந்த வேலையின் காப்பீட்டில்தான் ஓடுகிறது.

மேர்ல் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேஜைக்கு வந்தான்.

"லோர்னா, அந்தக் குறியத் தூக்கிடு! எட்டு மாசம் மண்டைய உடைச்சிருக்கேன்."

"தூக்கறேன், தூக்கறேன். மொதல்ல பூட்ஸத் தட்டு. தரையெல்லாம் பனி."

"ஆர்லீனுக்குச் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"அழுதுட்டா. விடு, அவ டீவி விளம்பரம் பாத்தாலே அழுவா."

அவன் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. குறியை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எடுப்பதற்கு முன் ஸ்கிரிப்ட் தரும் பெயர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓட்டினேன். வெறும் திரை.

என் டெஸ்ட் என்ன கேட்டது என்றால், "வந்திருக்கும் ஃபிரேம்களில் ஒவ்வொன்றின் பெயரும் சரியா?" ஒரு மாணவன்கூட வராத வகுப்பில் நின்று "வீட்டுப்பாடம் எழுதாதவர் கை தூக்குங்கள்" என்றால் எந்தக் கை உயரும்? மேர்ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லிஸ்டே காலியாக வந்தது. காலியான லிஸ்டில் தப்பு ஏது? டெஸ்ட் ஜெயித்துவிட்டது. எழுதியவள் நான். ஆறு வருஷம் அந்த ஓட்டை என் கண்ணில் படவில்லை.

கோபம் வந்திருந்தால் தேவலை. அலுப்புதான் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? இந்த டீபக்கர் வெள்ளிக்கிழமை காலையில் பால் கறக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனிக்குப் போகிறது. ஏதோ ஒரு தொழுவத்தில் இயந்திரம் நின்றுபோனால் அவர்களுடைய ஸ்கிரிப்ட் இந்த லிஸ்டைத்தான் கேட்கும்.

மற்ற சிப்புகளில் வருவது நாலு என்பதால், "ஃபிரேம் எண்ணிக்கை நாலாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தேன். டெஸ்ட் உடனே தோற்றது.

அப்புறம்தான் உறைத்தது. எங்களிடம் ஒரு விதி உண்டு. யார் எழுதினாலும் இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. கெயிலுக்கு அந்த உரிமை கிடையாது. இன்னொருவர் என்றால் மேர்ல்தான்.

எழுந்து அவன் மேஜைக்குப் போனேன்.

"மேர்ல், லிஸ்ட் காலியா வருது."

"எந்த லிஸ்ட்?"

"உன்னோடதுதான். ஃபிரேம் ஒண்ணுகூட இல்ல. என் டெஸ்ட் எண்ணிப் பாக்காம விட்டிருக்கு. தப்பு என்னோடது."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

"இத வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னா ஆகாதா?"

"காலையிலயே அது பால்மிஷின்காரங்களுக்குப் போகுது."

"ஓ. மாட்டு மேல இருக்கற கரிசனம் மனுஷன் மேல இல்ல."

"கெயிலுக்கு என் தப்புன்னே எழுதறேன்."

"எழுது. அந்தக் கடுதாசியக் காட்டினா மருந்துக்கடையில ஊசி குடுப்பாங்களா?"

திரும்பி வந்து அந்த வரியை அவன் ஒப்புதலுக்கு அனுப்பினேன். மணி ஒன்று இருபது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேர்ல் வெளியே போய்த் தன் டிரக்கில் ஏறினான். வீட்டுக்குப் போகிறான் என்று நினைத்தேன். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆர்லீனிடம் பேசினானோ, சும்மா இருந்தானோ. காலையில் வாங்கி வைத்த சாண்ட்விச்சை என்னால் தொட முடியவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவன் திரும்பி வந்து, என் பக்கம் பார்க்காமல், கீபோர்டை இழுத்துக்கொண்டான். சற்று நேரத்தில் என் திரையில் பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது.

நியாயம்தான். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, கீழே அவன் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"நாலு என்பது தப்பு, ஐந்துதான் சரி. இந்தச் சிப்பில் புரோகிராம் தொடங்குகிற மெயின் ஃபங்ஷனையே கூப்பிட்டு எழுப்ப அடியில் இன்னொரு ஃபங்ஷன் உண்டு. நாலு என்று போட்டால், எனக்குப் பிறகு வருகிறவர் சரியாகச் செய்தாலும் டெஸ்ட் தோற்கும். அவரையும் எட்டு மாதம் அலைய விடாதே."

நாலை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டு மறுபடி அனுப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒப்புக்கொண்டவர்: மேர்ல் டாலஃப்சன்.