அவன் கொடுத்த வரிசை

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் அக்கா தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றை துக்கம் கேட்க வந்த யாரோ உதைத்துத் தள்ளியிருந்தார்கள். உள்ளே ஹாலில், ஐஸ் பெட்டிக்குள் தம்பி கிடந்தான். மாமா வந்து சேர்ந்த பிறகுதான் எடுப்பது என்று முடிவாகியிருந்தது.

"எங்கடி கிளம்பிட்ட?" அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஸ்டுடியோக்கு. மாமா வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

"கூடப் பொறந்தவன் இப்படிக் கிடக்கறான், உனக்கு வேலை கேக்குதா?"

அக்கா குனிந்து இன்னொரு செருப்பைத் தேடினாள். வாயைத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் டைரக்டர் வந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றினார், பிறகு அவளை ஓரமாக அழைத்து, "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்..." என்று ஆரம்பித்தார். கேட்கக் கூடாது என்று தெரிந்தவர்கள்தான் தவறாமல் கேட்கிறார்கள்.

"இன்னிக்குப் படம் போயாகணும்மா. மாஸ்டர்ல ஸ்டீரியோ ஏறிடுச்சு. சரவுண்ட் மட்டும்தான் பாக்கி. உங்களால முடியலன்னா ஸ்டீரியோவோடயே அனுப்பிடறோம். யாருக்குத் தெரியப் போகுது?"

யாருக்குத் தெரியப் போகுதா? மழை முதுகுக்குப் பின்னால் கேட்க வேண்டும், கதவு பக்கத்து அறையில் சாத்த வேண்டும் என்று இல்லாத குறையெல்லாம் கண்டுபிடித்து, தம்பியை மிக்ஸிங் அறையை விட்டே நகரவிடாமல் வைத்திருந்தது இதே வாய்தான். நேற்று வேலை முடிந்ததும் நெஞ்சு அடைக்கிறது, வாயுவாக இருக்கும் என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தான். டீக்கு எழுப்பப் போனவர்கள் அலறியபடி ஓடிவந்தார்கள். இடமும் வலமும் மட்டும் கேட்கும் அந்த ஸ்டீரியோ ஒப்புக்குப் போட்டு வைத்தது. அதோடு படம் போய்விட்டால் அவன் உயிரைக் கொடுத்துச் செய்ததை எவனும் கேட்கப் போவதில்லை.

"ஸ்டீரியோவோட அனுப்பினா என் மூஞ்சிலயே முழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேட வந்திருந்தாள். அது கிடைத்ததும் அவருடைய காரிலேயே ஏறிக்கொண்டாள்.

மிக்ஸிங் அறைக் கதவோரம் தம்பியின் செருப்பு அப்படியே கிடந்தது. ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. அதைப் பார்க்காதது போல எதிரிலிருந்த தன் அறைக்குள் நுழைந்தாள்.

தம்பி சத்தங்களைக் கலந்து கொடுப்பான். அவற்றைப் படத்தோடு பொருத்தி, வெளியே போகும் இறுதிப் பிரதியான மாஸ்டரை முடிப்பது அவள் வேலை. ஸ்டுடியோவில் அவனுக்குப் பெயரே 'பாம்புக்காது'. சரவுண்ட் என்றால் ஒரே கோப்புக்குள், ஸ்பீக்கருக்கு ஒன்றாக ஆறு தடங்கள். மாஸ்டருக்கு அவை இடது, வலது, நடு, அதிர்வு, பின் இடது, பின் வலது என்ற வரிசையில் வேண்டும். அவன் கொடுப்பது இடது, நடு, வலது என்று போய் அதிர்வில் முடியும். "நான் பழகினது அப்படிக்கா, நீ மாத்திக்கோ," என்பான். அவளும் தொண்டைத் தண்ணி வற்றக் கத்திவிட்டு மாற்றிக்கொள்வாள். போன வாரம்கூடக் கத்தினாள்.

"முதல்ல போய் டாக்டரைப் பாரு. அப்புறம் இந்த வரிசையைச் சரியாக் குடுக்கக் கத்துக்கோ. ரெண்டு விஷயந்தான் சொல்றேன்."

"சரிக்கா."

எதற்கும் சரிக்கா. சொன்ன எதையும் செய்ய மாட்டான். கல்யாணம் பண்ணிக்கொள் என்றாலும் சரிக்கா, பல்லைப் பிடுங்கு என்றாலும் சரிக்கா. நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்று எவன் சொன்னது?

கோப்பை எடுத்தாள். கை தானாக ஓடியது. வழக்கம்போல் தடங்களை இடம் மாற்றி, மாஸ்டரில் ஏற்றி, ஓடவிட்டாள்.

நடுவில் நின்று பேச வேண்டிய கதாநாயகி வலது ஸ்பீக்கருக்குள் ஒதுங்கி நின்று பேசினாள். பின்பக்க இடது மூலையில் ஏதோ உறுமியது.

டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஐயோ, என்னம்மா இது? உடம்பு முடியாததுல தம்பி தப்பாப் போட்டுட்டாரு போல."

"அவன் தப்பு பண்ண மாட்டான்."

"இல்ல, யாரையும் குத்தம் சொல்லல. அதான் அப்பவே சொன்னேன், ஸ்டீரியோவே..."

"கொஞ்சம் வாய மூடிட்டு இருக்கீங்களா?"

டைரக்டர் மூடிக்கொண்டார். கடைசி வேலையிலா சொதப்பினான்? இனி யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? ஏற்றியதை எல்லாம் அழித்தாள். அவன் கொடுத்த கோப்பை மட்டும் திறந்து, ஒவ்வொரு தடமாகக் கேட்டாள்.

முதலாவது, இடது. இரண்டாவதில் பேச்சு இருக்க வேண்டும். இல்லை, அது வலது. பேச்சு மூன்றாவதில் இருந்தது. நான்காவதில் இடியின் அதிர்வு. ஐந்திலும் ஆறிலும் மழை.

அவளுடைய வரிசை. இத்தனை வருஷம் கத்திக் கத்திக் கேட்ட வரிசை. அவன் சரியாகத்தான் கொடுத்திருந்தான். மாற்றிக் கெடுத்தது அவள் கை.

"எரும மாடு," என்றாள் சத்தமாக.

டைரக்டர் திடுக்கிட்டு, "என்னையாம்மா?" என்றார்.

"ரெண்டு விஷயம் சொன்னேன் சார் அவன்கிட்ட. ரெண்டே ரெண்டு. ஒண்ணு செஞ்சிருக்கான் பாருங்க. போயும் போயும் இதைச் செஞ்சிருக்கான்!" மேஜையை ஓங்கி அறைந்தாள். கை எரிந்தது. அவர் எதுவும் புரியாமல் தலையை ஆட்டினார்.

ஒரு தடத்தையும் தொடாமல் கோப்பை அப்படியே மாஸ்டரில் ஏற்றினாள். பேச்சு நடுவில் வந்து நின்றது. மழை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டது. டைரக்டர் தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தார்.

அனுப்பி முடித்ததும் அவர் தயங்கிக் கேட்டார். "எதாவது மாத்த வேண்டியிருந்துதாம்மா?"

"ஒண்ணும் இல்ல. அவன் குடுத்தபடியே போயிருக்கு."

வீட்டுக்கு வந்தபோது மாமா இன்னும் வந்திருக்கவில்லை. வாசலில் செருப்புகள் முன்னைவிட அதிகமாகக் குவிந்திருந்தன. அக்கா குனிந்து, கையில் கொண்டுவந்திருந்த தம்பியின் செருப்பை அவற்றுக்கிடையில் ஜோடியாக வைத்தாள். தன்னுடையதை அதன் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.