ஏழாம் மதகுக்கு மேலே ஓரடி

1.
இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. பொறியாளரும் ஒஹாயோ சட்டமன்ற உறுப்பினருமான ஆர்சன் டில்மன் போன வாரம் இறந்தார். நாளை மன்றத்தில் வாசிக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருபது வருஷம் அவரிடம் எழுத்தனாக இருந்தவன் நான். வேறு யாரைக் கேட்பார்கள்?

முதல் தொடக்கம்: "கால்வாய் வெட்டி நம் கோதுமையைச் சந்தை சேர்த்த நேர்மையாளர்—"

நேர்மையாளரா? அடித்துவிட்டேன். (எங்கள் தொழிலில் ஒரு சட்டம்: அளவுப் புத்தகத்தில் தப்பான எண்ணை ரப்பரால் அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடிக்கலாம். அடித்தது கீழே தெரியவேண்டும். இந்தக் கதைக்கும் அதே சட்டம்தான்.)

2.
கால்வாய்க் கரை முழு உயரத்துக்கு எழும்பிவிட்டது என்று டில்மன் மன்றத்தில் பேசிவிட்டு வந்தார். மறுநாள் மட்டம் பார்த்தால், ஏழாம் மதகுக்கு மேலே கரை ஓரடி குறைவு. எழுத்தன் அதைக் குறித்துக்கொண்டான்.

"அதை அழிச்சிடுப்பா."

"அடிச்சுடட்டுங்களா ஐயா?"

"அடிச்சா தெரியுமே. பனி உருகறதுக்குள்ள மண்ணைப் போட்டு ஏத்திக்கலாம்."

எழுத்தன் அழித்தான். மண் யாரும் போடவில்லை. ஏப்ரல் வெள்ளம் அந்தத் தாழ்ந்த இடத்தில் வழிந்து கரை உடைந்தது. குடித்துவிட்டு மதகைத் திறக்காமல் கிடந்தார் என்று மதகுக் காவலர் ஈபன் க்ராலை வேலையை விட்டு விரட்டினார்கள். அவர் முழுக்கத் திறந்துதான் வைத்திருந்தார். இரண்டு வருஷத்தில் அந்த அவமானத்தோடே செத்துப்போனார்.

3.
எழுத்தன், எழுத்தன் என்று யாரை ஏய்க்கிறேன்? அது நான்தான். கதையில்கூட இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறேன், சீ.

இன்று காலை க்ராலின் மனைவி ஹல்டா சோள ரொட்டியோடு வந்தார்.

"டில்மன் ஐயாவைப் பத்தி எழுதுறீங்களாமே."

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரர் விஸ்கியைத் தொட்டதே இல்ல. சர்ச்சுல இன்னும் எங்க பெஞ்சுப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்ல. அவர் குடிக்கலைன்னு ஒரு வரி போடுங்க, போதும்."

"போடுறேன்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல். ரொட்டி மேசையில் அப்படியே கிடக்கிறது. அதைத் தொடக் கை கூசுகிறது.

4.
முடிவு ஒன்று: எல்லோரும் தொப்பியைக் கழற்றி எழுந்து நிற்கிறார்கள்; டில்மன் நேர்மையாளராகவே அடக்கமாகிறார்.

முடிவு இரண்டு: குறிப்பின் கடைசி வரியையும் வாசிக்கிறேன். அது இது: "க்ரால் குடிக்கவில்லை, கரைதான் ஓரடி குறைவு, அந்த எண்ணை அழித்தவன் லெமுவேல் ஹேஸ்கல் என்கிற நான்."

இந்த வரியை இதுவரை மூன்று முறை அடித்துவிட்டேன். ரப்பரைத் தொடவில்லை. நாளை பத்து மணிக்கு நான் இந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போய்விட்டால், கோட்டுக்குக் கீழே தெரிவதை நீங்களாவது உரக்கப் படியுங்கள்.